மனைப் பிரிவும் ஊர்ப்பொதுவும்: திருமுருகன்பூண்டியை முன்னிட்டு ஓர் ஆய்வு

‘மனை’ என்னும் சொல் வீட்டையும் வீடு நிற்கும் நிலத்தையும் ஒருங்கே குறிப்பது. ‘மனைவி’, ‘மனையறம்’ என்பன அதன் அடியாகப் பிறந்த சொற்கள். வாழ்க்கையைச் சுட்டிய இச்சொல் இன்று அளந்து விற்கப்படும் நிலத்துண்டின் பெயராகப் பத்திரங்களில் பெருக வழங்குகின்றது. இம்மாற்றத்தை ஆராய்வார் பெரும்பாலும் பிரிக்கப்பட்ட நிலத்தையே நோக்குவர். பிரிக்கப்படாது ஊருக்குப் பொதுவாய் நின்றது யாது, அதனைக் காத்த முறை யாது, அம்முறையில் புறத்தே நிறுத்தப்பட்டவர் யாவர் என்பனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையே அமைந்த திருமுருகன்பூண்டி, பாடல்பெற்ற கொங்குநாட்டுத் தலங்களுள் ஒன்று. சேரமான் பெருமாள் அளித்த பெரும்பொருளோடு மீண்ட சுந்தரர், இவ்வூர்ப் பக்கத்தே வேடுவர் வடிவில் வந்த பூதகணங்களால் வழிப்பறிக்கு உள்ளானார் என்பது புராணச் செய்தி. வழிப்போக்கர் அஞ்சிக் கடந்த இடமாகக் கூறப்பெறும் அவ்வூர், பிற்காலத்தே கற்சிற்பிகளின் தொழிலாற் பெயர்பெற்றது. பின்னலாடைத் தொழிலின் வளர்ச்சியால் மக்கள் குடியேறும் இடமாகி, 2021ஆம் ஆண்டில் நகராட்சியாக உயர்த்தப்பெற்றது. காடும் தோட்டமுமாய் இருந்த நிலம் மனைகளாகும் வரலாற்றை இத்தகைய ஊர்களில் தெளிவாகக் காணலாம்.

முதலிற் சோழர் காலத்தை நோக்குவோம். முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள், ஓர் ஊரின் மொத்த நிலத்தைக் கூறி, அதனின்றும் ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, எஞ்சியதற்கே இறை விதிக்கின்றன. குடியிருப்பும் பொதுவிடமும் ஒரே பட்டியலில் வைத்து எண்ணப்பட்டமை கருதத்தக்கது. எனினும் அப்பட்டியலிலேயே பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. ஊரார் அனைவரும் ஒரே நத்தத்தில் வாழ்ந்திலர் என்பது இதனாற் பெறப்படும். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடும்புக்குத் தேர்ந்தெடுக்கப்படுவார்க்கு வேண்டிய தகுதிகளுள், இறைநிலம் உடைமையோடு தன் மனையிலே வீடு கட்டி வாழ்தலையும் வைத்தன. ஆகவே மனையுடைமை ஊராட்சியிற் பங்கு பெறுதற்கு வாயிலாகவும், அஃதில்லாரை விலக்கும் கதவாகவும் இருந்தது.

கொங்குநாட்டுச் சான்றொன்று இதனை மேலும் விளக்கும். வெங்காலநாட்டுக் கம்மாளர்க்குக் கோனேரின்மைகொண்டான் அளித்த உரிமைகளைக் கரூர்க் கல்வெட்டொன்று தெரிவிக்கின்றது. நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதுதலும், செருப்பு அணிதலும், தம் வீடுகளுக்குச் சாந்து இடுதலும் அவ்வுரிமைகளாம். சுவருக்குச் சாந்து பூசவும் அரசன் ஆணை வேண்டியிருந்தது எனின், வீடு உடையார் அனைவரும் அதன் முழு உரிமையும் உடையராய் இருந்திலர் என்பது வெளிப்படை. பழைய ஊர்ப்பொது பலரைத் தாங்கிற்று. அவர்களை வரிசைப்படுத்தியும் வைத்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நில அளவையும் புல எண்ணும் வந்தன. 1905ஆம் ஆண்டுச் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், சாலைகளையும் பிற நிலங்களையும் அரசுடைமை என வகுத்தபோது, வீட்டுமனையாகவோ கொல்லையாகவோ ஒருவர் உடைமை கொண்ட நிலத்தை விலக்கிற்று. நத்தத்தின் பழைய தனித்தன்மை இவ்வாறு சட்டத்திலும் நிலைபெற்றது. 1923ஆம் ஆண்டு அளவை எல்லைச் சட்டத்தின் வழியே எல்லைகள் உறுதிசெய்யப்பட்டன. பாகப்பிரிவினையும் விற்பனையும் நிகழுந்தோறும் புல எண் உட்பிரிவுகளாய்க் கிளைத்தது.

கொங்குநாட்டிற் குடியிருப்பு நத்தத்தோடு நின்றதன்று. உழவர் தோட்டத்துச் சாளைகளிலும் வாழ்ந்தனர். கிளுவை வேலிகளுக்கு இடையே ஓடிய இட்டேரிகள் அவற்றை ஊரோடு இணைத்தன. நிலம் வள்ளக் கணக்கில் எண்ணப்பட்டது. ஒரு வள்ளம் ஏறத்தாழ நான்கு ஏக்கர். நானூறு சென்ட் நிலத்தை ஐந்து சென்ட் வீதம் முற்றும் பிரிப்பின் எண்பது மனைகள் ஆகும். தெருவும் பூங்காவும் விடுதோறும் அவ்வெண்ணிக்கை குறையும். பொதுவிடம் சுருங்குதற்குரிய காரணம் இவ்வெளிய கணக்கிலேயே அடங்கியுள்ளது. அளவைப் பதிவில் பாதையெனக் குறிக்கப்பெற்ற இட்டேரி எஞ்சும்; அக்கம்பக்கத்தார் இசைவால் மட்டும் நின்ற தடம் மனைகளுள் மறையும்.

விளைநிலங்கள் முறையின்றி மனைகளாதலை எதிர்த்த பொதுநல வழக்கில், அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9ஆம் நாள் தடுத்தது. 2016 அக்டோபர் 20ஆம் நாள் வரை பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வகுக்கப்பெற்றன. சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளால் மனை வாங்கிய தொழிலாளர்க்கு இது பெரும் ஆறுதலாயிற்று. ஆயினும் தொடக்கத்தில் விடப்படாத பூங்காவைப் பின்வரும் ஆணையொன்று தோற்றுவித்தல் அரிது.

2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாதல் வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்கீடாகப் பணம் செலுத்தலாம்; அதற்கு மேல் நிலத்தையே விடல் வேண்டும். வள்ளம் ஒன்று 16,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாதலின், அதனை முழுமையாக மனையிடுவார் நிலத்தையே விடுதற்குரியர். சாலையும் திறந்தவெளியும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் வாயிலாகவே ஒப்படைக்கப்படுகின்றன. கோயிலுக்கும் அந்தணர்க்கும் நிலம் வழங்கியதைக் குறித்த ‘தானம்’ என்னும் சொல், இன்று யாவரும் நடக்கும் தெருவைக் குறிக்க வந்துள்ளமை போற்றத்தக்கது.

இவற்றைத் தொகுத்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். விலைக்கு வரும் மனை, சேரியென்றும் நத்தமென்றும் பிறப்பால் இடம் வகுத்த பழைய வரம்பைச் சட்டத்தளவில் தளர்த்திற்று. அஃது இழத்தற்கரிய பேறு. ஆனால் பழைய ஊர் வழக்கத்தாற் காத்த பொதுவைப் புதிய ஊர் எழுத்தாற் காத்தல் வேண்டும். பத்திரங்களின் நான்கெல்லைக் குறிப்பில் ‘பொதுத்தடம்’ என வரும் சிறுசொல்லைக் கல்வெட்டுச் சொற்களோடு ஒப்பிட்டு ஆராய்தல் இளம் ஆய்வாளர்க்கு உரிய பணியாம். அச்சொல் விடுபட்ட பத்திரத்தில், வாங்கியவர்க்கு மனை இருக்கும். அதற்குச் செல்லும் வழி இராது.