குழந்தையிடம் மன்னிப்பு கேட்டால் மரியாதை போயிடுமா? அடம் பிடிக்கும் வயதும் பெற்றோரின் பொறுமையும்

மாலை ஏழு மணி. குரோம்பேட்டை ஜிஎஸ்டி சாலையில் ஒரு கடை. பொம்மை வேணும்னு மூன்று வயதுக் குழந்தை தரையில் புரண்டு அழுகிறது. சுற்றி நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். குழந்தையின் அழுகையைவிட அந்தப் பார்வைதான் பெற்றோரை அதிகம் சுடுகிறது. குரல் உயர்வதும் கை ஓங்குவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பொறுமை பிறவிக் குணமா, பழக்கமா? கோபத்தில் கத்திவிட்டால் அடுத்து என்ன செய்யணும்? பார்க்கலாம்.

குழந்தைகள் ஏன் அடம் பிடிக்கிறார்கள்?

1 முதல் 4 வயது வரை அடம் பிடிப்பது வளர்ச்சியின் ஒரு கட்டம். ஆசை பெரிதாக இருக்கும், அதைச் சொல்ல வார்த்தை போதாது. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழுமையாக வளர சுமார் 25 வயது ஆகிறது. எனவே மூன்று வயதுக் குழந்தை சொன்னதும் அடங்கவில்லை என்றால் திமிர் என்று அர்த்தமில்லை. அதற்கு இன்னும் அடங்கத் தெரியவில்லை.

தூக்கமும் முக்கியக் காரணம். பகல் தூக்கத்தையும் சேர்த்து, 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

பொறுமை ஏன் சாயங்காலத்தில் காணாமல் போகிறது?

கடற்கரை – தாம்பரம் ரயிலில் நின்றுகொண்டே வந்தவருக்கும், ஓஎம்ஆரிலிருந்து ரேடியல் ரோடு நெரிசலைத் தாண்டி வந்தவருக்கும் அப்போதுதான் மூச்சு விட நேரம். குழந்தையும் அதே நேரத்தில்தான் பசியோடும் தூக்கத்தோடும் இருக்கும். இரண்டு களைப்பு ஒரே நேரத்தில் மோதினால் பொறுமை எங்கிருந்து வரும்? அதனால் முதல் வேலை நேரத்தை மாற்றுவது: கடைக்குப் போவதை விடுமுறை நாளின் காலைக்குத் தள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் முதல் பத்து நிமிடம் போனையும் சமையலையும் விட்டுவிட்டுக் குழந்தையோடு உட்காரலாம்.

அழும் அந்த நிமிடத்தில் என்ன செய்யலாம்?

• சுற்றி இருப்பவர்களை மறந்துவிடுங்கள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று யாராவது சொன்னாலும் பதில் சொல்லத் தேவையில்லை.
• குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, மெதுவாகப் பேசுங்கள். "பொம்மை கிடைக்கலன்னு கோவமா இருக்கா கண்ணா?" என்று கேட்பது, அதற்குத் தெரியாத வார்த்தையைக் கொடுக்கும்.
• "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். அழுகைக்காக முடிவை மாற்றினால் அடுத்த முறை அழுகை நீளும்.
• உங்களுக்கே கோபம் தலைக்கேறினால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் வீட்டில் வேறு ஒருவரிடம் விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

கத்திவிட்டால்?

எல்லா வீட்டிலும் நடக்கும். இங்கேதான் அமெரிக்க உளவியலாளர் எட் ட்ரோனிக் 1970களில் செய்த சோதனை உதவும். கைக்குழந்தையோடு சிரித்து விளையாடும் தாய், திடீரென முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருப்பார். குழந்தை சிரித்து, கை நீட்டி அவரை இழுக்கப் பார்க்கும்; முடியாமல் கடைசியில் அழும். தாய் மறுபடி சிரித்ததும் மெல்லத் தேறும்.

நல்ல உறவிலும் தாயும் சேயும் எப்போதும் ஒத்துப்போவதில்லை, விலகல் அடிக்கடி நடக்கும், அதைச் சரிசெய்வதுதான் உறவை வளர்க்கிறது என்பது அவரது ஆய்வுகளின் சாரம்.

சரிசெய்வது என்றால் மன்னிப்பு கேட்பதும்தான். "அப்பா கத்தினது தப்புடா, ஸாரி" என்றால் போதும். "நீ அப்படிப் பண்ணதாலதான் கத்தினேன்" என்று சேர்த்தால் அது மன்னிப்பு இல்லை, குற்றச்சாட்டு. பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்பு கேட்பது நம் வீடுகளில் வழக்கமில்லை. ஆனால் தப்பை ஒத்துக்கொள்ளும் பழக்கத்தைக் குழந்தை கற்கும் முதல் இடம் வீடுதான்.

'அடியாத மாடு படியாது' சரியா?

அடி பயத்தைக் கற்றுத்தரும், காரணத்தைக் கற்றுத்தராது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு பள்ளிகளில் அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வீட்டில் அடிப்பதை முழுமையாகத் தடை செய்யும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் பொறுப்பில் இருப்பவரே குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 75-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 1979-ல் ஸ்வீடன், வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று முதன்முதலில் சட்டம் போட்டது. 2018-ல் நேபாளம் தெற்காசியாவில் அதைச் செய்த முதல் நாடானது.

எப்போது உதவி கேட்கணும்?

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள். பெற்றோருக்கே தொடர்ந்து தூக்கமின்மை, அழுகை, கட்டுப்படுத்த முடியாத கோபம் இருந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் 1098-ஐ அழைக்கலாம்.