திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தொழிற்பயிற்சியின் வரலாறு

தொழிற்பயிற்சி என்பது, வேலைக்கு வருபவருக்கு அந்த வேலையைச் செய்யும் திறனை முறையாகக் கற்பிப்பதாகும். சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள திருவள்ளூர், திருவாலங்காடு, ஆவடி, அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி வட்டாரம் தமிழ்நாட்டின் பழைய தொழிற்பகுதிகளுள் ஒன்று. கற்பதற்கென்று இடமும் நேரமும் ஒதுக்கி, கற்றுத்தரும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்த இடங்களில்தான் பயிற்சி பலன் தந்தது என்பதை இவ்வட்டாரத்தின் வரலாறு காட்டுகிறது.

குடும்பத்தில் கற்ற காலம்

திருவாலங்காடு வடாரண்யேசுவரர் கோயில், நடராசரின் ஐந்து சபைகளுள் இரத்தின சபையாகப் போற்றப்படுகிறது. முதலாம் இராசேந்திர சோழன் பழையனூர் என்னும் ஊரை இக்கோயிலுக்கு வழங்கியதைக் கூறும் செப்பேடுகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குக் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். இவற்றைப் பொறித்தவர்கள் காஞ்சிபுரத்துக் கைவினைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர்கள்.

அக்காலத்தில் தொழில் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. வீடே பட்டறை, தந்தையே ஆசான். மகன் பிழை செய்தால் நட்டம் குடும்பத்துக்கே என்பதால் கற்பிப்பவர் அக்கறையுடன் கற்பித்தார். ஆனால் அந்தக் குடும்பத்திலோ சாதியிலோ பிறக்காதவருக்கு அந்தக் கல்வி கிட்டவில்லை.

இருப்புப்பாதையும் பட்டறைகளும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை ஓடியது. திருவள்ளூர், திருவாலங்காடு, அரக்கோணம் ஆகியவை இன்று இப்பாதையில் உள்ள நிலையங்கள். அதே ஆண்டு பெரம்பூரில் இரயில் பெட்டிப் பட்டறை தொடங்கியது. கொல்லர், தச்சர் குடும்பங்களின் பழைய அறிவு மட்டும் இப்பட்டறைகளுக்குப் போதவில்லை. வரைபடத்தைப் படிப்பது, அளவுமானியால் நுட்பமாக அளப்பது, நீராவி இயந்திரத்தைக் கையாள்வது ஆகியவை புதிதாகக் கற்க வேண்டியவையாக இருந்தன.

இதற்குச் சற்று முன் 1850-இல் தொழில் பழகுநருக்கான முதல் இந்தியச் சட்டம் வந்தது. 10 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை, சிறப்பாக ஆதரவற்றோரையும் ஏழைகளையும், ஒரு தொழிலாளியிடமோ முதலாளியிடமோ ஒப்பந்தம் செய்து ஒப்படைக்க அது வழிசெய்தது. ஒப்பந்தக் காலம் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். பிள்ளையின் பிழைப்புக்கு வழிகாட்டுவதே இதன் முதன்மை நோக்கம்.

விடுதலைக்குப் பிந்தைய ஆலைகள்

1955-இல் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன் உற்பத்தியைத் தொடங்கியது. பழைய பெட்டிகளில் மரவேலை மிகுதி. புதிய பெட்டியோ முழுவதும் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து உருவாக்கப்பட்டது. பற்றவைப்பில் நேரும் குறை வெளிப்பார்வைக்குத் தெரியாமலே போகலாம். பெட்டி ஓடும்போதுதான் விளைவு தெரியும். ஆகவே தொழிலாளரைப் பயிற்றுவிப்பது உற்பத்தியின் ஒரு பகுதியாயிற்று. இத்தொழிற்சாலை இன்றும் ஆண்டுதோறும் தொழில் பழகுநர்களைச் சேர்த்துப் பயிற்சி அளிக்கிறது.

எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் என்ஃபீல்டு, ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை ஆகியவையும் 1950, 1960-களில் வளர்ந்தன. ஆவடியில் 1965-இல் முதல் விசயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பெருகிய சிறு பட்டறைகள் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகங்களைச் செய்து கொடுத்தன.

நான்கு படிமுறை

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் அனுபவமற்ற பலர் ஆலைகளுக்கு வந்தனர். அவர்களுக்கு விரைவாக வேலை கற்பிப்பதற்கு 1940-இல் 'ஆலைக்குள் பயிற்சி' என்ற அரசுத் திட்டம் உருவானது. அது முதலில் மேற்பார்வையாளருக்குக் கற்பிக்கும் கலையைக் கற்பித்தது. அதன் படிகள் நான்கு:

1. கற்பவரின் தயக்கத்தைப் போக்கி, அவருக்கு முன்பே என்ன தெரியும் என்று அறிதல்.
2. வேலையைப் பகுதி பகுதியாகச் செய்துகாட்டி, ஒவ்வொரு பகுதிக்கும் காரணம் கூறுதல்.
3. கற்பவரையே செய்யவைத்து, செய்யும்போதே அவர் வாயால் விளக்கச் சொல்லுதல்.
4. தனியே வேலை செய்ய விட்டு, அடிக்கடி சென்று பார்த்தல்.

தொழிலாளி கற்கவில்லை என்றால் கற்பித்தவர் சரியாகக் கற்பிக்கவில்லை என்பதே இதன் அடிப்படை. பிழைக்குக் கற்பவரை மட்டும் குறைகூறும் பட்டறை வழக்கத்தை இது மாற்றியது. போருக்குப் பின் சப்பான் இம்முறையை விரிவாகக் கையாண்டது. 1950-களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழியே இது இந்தியாவுக்கும் வந்தது.

1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம்

நாடு முழுவதற்கும் பொதுவான தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டு 1962-இல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்காமல் நேரே வருபவர், உற்பத்திப் பகுதிக்குச் செல்லுமுன் அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும் என்று அது கூறியது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனம், இதற்கெனத் தனிக் கட்டடமோ ஆலைக்குள் தனிப் பகுதியோ அமைக்க வேண்டியிருந்தது. சிறு நிறுவனங்களின் பழகுநருக்கு அரசுப் பயிற்சி நிலையங்கள் வழிசெய்தன.

தனி இடம் ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. ஃபிட்டர் வேலை பழகுபவர் ஒரு இரும்புக் கட்டையை அரத்தால் மீண்டும் மீண்டும் அராவிச் சமதளமாக்கப் பழகுவார். பல கட்டைகள் வீணாகும். உற்பத்தி இலக்கு துரத்தும் இடத்தில் இந்த வீணாக்கத்தை எவரும் பொறுப்பதில்லை. பிழை செய்ய இடமில்லாத இடத்தில் கற்றல் நிகழாது.

சட்டப்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர். அவருக்கு ஊதியத்துக்குப் பதில் உதவித்தொகை உண்டு. ஆலையின் உடல்நலம், பாதுகாப்பு விதிகளும் விபத்து இழப்பீடும் அவருக்குப் பொருந்தும். ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. இதனால் பழகுநரைக் குறைந்த செலவில் கிடைக்கும் வேலையாளாகப் பயன்படுத்தும் போக்குக்கு இடம் ஏற்பட்டது. கடைசல் இயந்திரம் பழக வந்தவர் சுமை தூக்கவும் பெட்டி கட்டவும் அனுப்பப்பட்டால், ஆண்டு முடிவில் அவரிடம் சான்றிதழ் இருக்கும், தொழில் இருக்காது.

2014-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் குறிப்பிட்ட விழுக்காட்டினரைப் பழகுநராகச் சேர்க்கச் செய்தது. 2019-இல் இவ்வரம்பு 2.5 முதல் 15 விழுக்காடு என்றும், 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயம் என்றும் ஆயிற்று.

கும்மிடிப்பூண்டியும் இன்றைய நிலையும்

ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்தபின் இரும்பு உருக்கு, உருட்டு ஆலைகள் உள்ளிட்ட பல தொழில்கள் பெருகின. ஒடிசா, பீகார், சார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் இங்குப் பெருமளவில் ஒப்பந்தத் தொழிலாளராக உள்ளனர். அவர்களுக்குத் தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகையோ தமிழில் நடத்திய பாதுகாப்பு வகுப்போ பயன்படாது. ஒப்பந்ததாரர் மாறும்போது ஆட்களும் மாறுவதால் பயிற்சிக்கு யார் பொறுப்பு என்பதும் மங்கிவிடுகிறது. உருக்கிய இரும்பின் அருகே நிற்பவருக்குப் பயிற்சி என்பது உயிர்க்காப்பு.

போபால் விபத்துக்குப் பின் 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளரின் உரிமையாக்கியது. 2023-இல் தமிழ்நாட்டின் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய இயந்திரங்களுடன் மேம்படுத்தும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இயந்திரங்கள் புதியவை ஆயினும் தேவை பழையதே: பிழை செய்து திருத்திக்கொள்ள ஓர் இடம், கற்பவருக்குப் புரியும் மொழி, அவர் கற்றுக்கொண்டாரா என்று திரும்பி வந்து பார்க்கும் ஒருவர்.