குரலே கருவியாக

மேடை நடிகனுக்கு முகமும் உடலும் துணை நிற்கும். வானொலி நடிகனுக்கோ குரலொன்றே கருவி. மலாயா வானொலி 1946 ஏப்ரல் முதல் நாளில் தொடங்கியது; மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பிலும் கிள்ளான் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழர்க்கு, வீட்டினுள் நாடகம் செவிவழியே வந்தது.

அவ்வானொலிக் கலையில் பெயர்பெற்றோருள் ஒருவர் ரெ. சண்முகம். நடிகர், பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் எனப் பல்துறைகளில் விளங்கியவர் அவர். வானொலி நடிகன் சினத்தையும் பரிவையும் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் இடைநிறுத்தத்தாலுமே புலப்படுத்தல் வேண்டும். லகர, ளகர, ழகரம் பிறழ்ந்தால் அதனை மறைக்க ஒப்பனை இல்லை. ஆதலின், நல்ல வானொலி நாடகம் மாணவர்க்கு உச்சரிப்புப் பாடமும் ஆகும்.

ஆயினும், பதிந்து காக்கப்படாத குரல் காற்றில் கரைந்துவிடும். சண்முகம் தம் கலைவாழ்வை ‘இந்த மேடையில் சில நாடகங்கள்’ என்னும் நூலாக எழுதிவைத்தார். அவ்வாறு எழுதாது மறைந்தோர் எத்தனை பேர்! அவர்தம் குரலைக் கேட்டு வளர்ந்த முதியோர் இன்னும் நம் இல்லங்களில் உள்ளனர். அவர்தம் நினைவுகளைக் கேட்டு எழுதுவது மாணவர் கடன். அதற்கு வழிகாட்டுவது ஆசிரியர் கடன்.