'டார்லிங்': ஓர் அன்புச் சொல்லின் வரன்முறை

காதலரையும் வாழ்க்கைத் துணையையும் குழந்தையையும் ஒருங்கே விளிப்பதற்கு ஆங்கிலேயர் கையாளும் 'டார்லிங்' என்னும் சொல், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று உடையது. இன்று தனிமனித உறவின் மென்மையைச் சுட்டி நிற்கும் இச்சொல், தொடக்க காலத்தில் அதிகாரத்தின் நிழலிலும் வாழ்ந்தது என்பதை அதன் வரலாறு புலப்படுத்துகின்றது.

பழைய ஆங்கிலத்தில் இது 'தேஓர்லிங்' என வழங்கிற்று. 'தேஓரே' என்னும் பெயரடையுடன் 'லிங்' விகுதி இணைந்து பிறந்த வடிவம் அது. அப்பெயரடையே இன்று 'டியர்' என நிலவுகின்றது. 'விலை மிக்கது', 'அன்புக்குரியது' என்னும் இரு பொருள்களும் அதற்குத் தொன்றுதொட்டே உண்டு. கிடைத்தற்கு அரியது விலை பெறும். விலை பெற்றது போற்றப்படும். தமிழில் 'அருமை' என்னும் சொல் எளிதிற் கிட்டாமையையும் அன்பையும் ஒருசேரக் குறித்தல் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இதே அடியிலிருந்துதான் தட்டுப்பாட்டையும் பஞ்சத்தையும் குறிக்கும் 'டேர்த்' என்னும் சொல்லும் மத்திய ஆங்கிலக் காலத்தில் தோன்றிற்று. தானிய விலை ஏறிய ஆண்டு பசியின் ஆண்டாக இருந்த சமுதாயத்தில், அன்பும் பஞ்சமும் ஓரடியிற் கிளைத்தமை வியப்பன்று.

'லிங்' என்பது ஒரு பண்போடோ நிலையோடோ தொடர்புடைய ஆளைச் சுட்டும் விகுதி. கூலிக்கு உழைப்பவனைக் குறிக்கும் 'ஹயர்லிங்', பிறர்க்குக் கீழ்ப்பட்டவனைக் குறிக்கும் 'அண்டர்லிங்' ஆகியவற்றிலும் அதுவே உள்ளது. இவ்விரு சொற்களிலும் காலப்போக்கில் இகழ்ச்சிப் பொருள் ஏறியது. 'டார்லிங்' அதற்கு ஆளாகவில்லை. மத்திய ஆங்கிலத்தின் 'டெர்லிங்', அதன் பிற்பகுதியில் நிகழ்ந்த உயிரொலி மாற்றத்தால் 'டார்லிங்' ஆயிற்று. 'டெர்க்' என்பது 'டார்க்' ஆனதும் இம்மாற்றத்தினாலேயே. இதனால் 'டியர்' என்னும் மூலச்சொல்லுடன் அதற்குள்ள உறவு செவிக்கு மறைந்தது.

பழைய ஆங்கில நூல்களில் இச்சொல் ஆளப்பட்ட இரு இடங்கள் சிந்தனைக்குரியவை. அல்பிரட் மன்னன் (ஆட்சி 871–899) பெயரோடு மரபாகத் தொடர்புறுத்தப்படும் பொயித்தியஸின் மொழிபெயர்ப்பில், கொடுங்கோலன் நீரோ தன் வேண்டியவர்களுக்குச் சிறப்புகள் வழங்கி உயர்த்தியதைக் கூறுமிடத்து இச்சொல் வருகின்றது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் எல்பிரிக் என்னும் துறவி தம் மறையுரைகளில், இயேசுவின் அன்புச் சீடரான யோவானை இதே சொல்லாற் குறித்தார். கொடுங்கோலனின் சலுகை பெற்றோரும் இறைவனின் அன்பு பெற்றவரும் ஒரே பெயர் பெற்றனர். இரண்டிடத்தும் மேலிருப்பவர் தெரிந்தெடுக்கிறார், கீழிருப்பவர் தெரிந்தெடுக்கப்படுகிறார்.

இச்சொல்லின் தோழமைச் சொற்கள் இரண்டு எய்திய கதி வேறு. 'அன்புக்குரிய ஆள்' என்னும் பொருளில் எழுந்த 'லெம்மன்', 13ஆம் நூற்றாண்டுப் பக்தி உரைநடையில் கிறிஸ்துவையே சுட்டியது. பின்னர் முறைகேடான உறவினரைக் குறித்து வழக்கொழிந்தது. அன்பானவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த 'மினியன்', அரசனின் சலுகைக்குரியவரைச் சுட்டியது. 1519இல் எட்டாம் ஹென்றியின் அந்தரங்கக் கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட இளைஞர்கள் இப்பெயராலேயே அறியப்பட்டனர். இன்று அது ஏவலாளை இகழும் சொல்லாகும். மொழியியலார் இதனை இழிபொருட்பேறு என்பர்.

'டார்லிங்' ஏன் தப்பியது? 'மினியன்' அரண்மனையோடும் 'லெம்மன்' காமத்தோடும் பிணைந்து நின்றன. 'டார்லிங்' மட்டுமே தாயின் மடியிலிருந்த குழந்தைக்கும் உரியதாயிற்று. அரசவை கைவிட்டாலும் இல்லம் அதனைக் காத்தது எனக் கருதுதல் பொருந்தும். சலுகை பெற்றவரைச் சுட்டிய பெயர் இவ்வாறு ஒருவரையொருவர் விளிக்கும் சொல்லாயிற்று. மேலிருந்து கீழ்நோக்கிய பார்வை, ஒத்தோர் இருவரின் பார்வையாக மாறிய வரலாறே இதன் வரலாறு. ஆயினும் பழைய பொருள் முற்றாக அழிந்துவிடவில்லை. பத்திரிகைகளின் 'டார்லிங்' என ஓர் அரசியல்வாதி இன்று வருணிக்கப்படும்போது, நீரோவின் அவைக்களம் மீண்டும் தலைகாட்டுகின்றது.