சொல் நீங்கிய அசைவு: தேரவாதத் தியான மரபில் உடலசைவும் தன்னுணர்வும்

ஆய்வுச் சுருக்கம்

பௌத்தத் தியானம் என்றவுடன் அசையாது அமர்ந்த உருவமே நினைவுக்கு வருகிறது. ஆயினும் நடத்தல், கையை நீட்டல், மடக்கல் போன்ற அசைவுகளையே தியானப் பொருளாகக் கொள்ளும் முறை பாலி நூல்களில் வேர் கொண்டது. ஐந்தாம் நூற்றாண்டு உரையாசிரியர் புத்தகோசர் முதல் இருபதாம் நூற்றாண்டுத் தாய்லாந்துத் துறவி லுவாங்போ தியன் வரை அம்முறையின் போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்மூன்று கட்டங்களில் அசைவுக்கும் விழிப்புக்கும் இடையில் நின்ற சொல் படிப்படியாக விலகியது என்பதும், 'தன்னுணர்வு' என்னும் கலைச்சொல்லை அதற்கேற்ப வரையறுக்க வேண்டும் என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச் சொற்கள்: சதிபட்டானம், புத்தகோசர், மகாசி சாயாதோ, லுவாங்போ தியன், தன்னுணர்வு, அனாத்மம்.

முன்னுரை

'தான்' என ஒன்று நிலையாக இல்லை என்பது பௌத்தத்தின் அடிப்படைக் கொள்கை. அவ்வாறாயின் பௌத்தத் தியானம் 'தன்னுணர்வை' வளர்க்கிறது என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்? இன்றைய உளவியல் எழுத்துகளில் தன்னுணர்வு என்பது ஒருவர் தம் இயல்பையும் குறைநிறைகளையும் மதிப்பிட்டு அறிவதைக் குறிக்கிறது. அப்பொருளைத் தியான மரபின்மீது ஏற்றினால் அம்மரபு மறுக்க விரும்பியதையே அதன் பயனாகக் காட்டும் பிழை நேரும். அசைவுவழித் தியானத்தின் வரலாறு இச்சிக்கலைத் தெளிவுபடுத்த உதவுகிறது.

பாலி மூலத்தில் அசைவு

மஜ்ஜிம நிகாயத்தின் பத்தாவது சூத்திரமான சதிபட்டான சூத்திரம், உடலை நோக்கும் பயிற்சிகளுள் மூச்சை அடுத்து நடத்தல், நிற்றல், அமர்தல், படுத்தல் ஆகிய நான்கு நிலைகளை வைக்கிறது. அதற்கடுத்து முன்செல்லுதல், திரும்புதல், உறுப்புகளை மடக்கல், நீட்டல், உண்ணல், பேசுதல், மௌனமாயிருத்தல் ஆகிய அனைத்திலும் தெளிந்த அறிவுடன் இருக்குமாறு பணிக்கிறது. அங்குத்தர நிகாயம் நடைப் பயிற்சியின் ஐந்து நன்மைகளைக் கூறுமிடத்தில், நடையில் பெற்ற மன ஒருமை நெடிது நிலைக்கும் என்பதையும் ஒன்றாக எண்ணுகிறது. முதல் சங்கம் கூடுவதற்கு முந்தைய இரவில் ஆனந்தர் விடுதலை பெற்ற நிகழ்ச்சியும் நோக்கத்தக்கது. உடலை நோக்கிய விழிப்பில் இரவின் பெரும்பகுதியைக் கழித்த அவர், படுக்கச் சாய்ந்து, தலை தலையணையைத் தொடுமுன் விடுதலை எய்தினார் என வினய நூல் கூறுகிறது. நான்கு நிலைகளுள் எதிலும் அடங்காத ஓர் அசைவின் நடுவே அது நிகழ்ந்தது.

நடப்பவன் 'நடக்கிறேன்' என்று அறிகிறான் என்பதே சூத்திரத்தின் அமைப்பு. இங்குள்ள 'என்று' என்னும் சொல் மனத்தில் சொல்லிக்கொள்வதைக் குறிக்கிறதா, அறிதலை மட்டும் குறிக்கிறதா என்னும் வினாவே பிற்கால முறைகள் பிரியும் இடமாகும்.

புத்தகோசரின் பகுப்பு

மஜ்ஜிம நிகாயத்திற்குப் புத்தகோசர் எழுதிய பபஞ்சசூதனி இவ்வினாவை நேரடியாக எதிர்கொள்கிறது. நாயும் நரியும்கூட நடக்கும்போது தாம் நடப்பதை அறியும். சூத்திரம் குறிப்பது அவ்வறிவை அன்று என்கிறது அவ்வுரை. நடப்பவர் யார், நடை யாருடையது, நடை எதனால் நிகழ்கிறது என்னும் வினாக்களை எழுப்பி, நடக்கும் ஓர் உயிர் என எதுவும் இல்லை. மன எழுச்சியால் காற்று என்னும் பூதம் பரவ, உடல் இயங்குகிறது என விடை தருகிறது. விசுத்திமக்கத்தில் அவர் ஓர் அடியைத் தூக்கல், முன்செலுத்தல், பக்கம் நகர்த்தல், தாழ்த்தல், வைத்தல், ஊன்றல் என ஆறாகப் பகுக்கிறார். ஒரு பகுதியில் தோன்றியவை அடுத்த பகுதியை அடையாமல், சூடான சட்டியில் இட்ட எள்போல் அங்கங்கே வெடித்து அழிகின்றன என்பது அவர் தரும் உவமை. இங்கு அசைவு ஆய்வுக்குரிய பொருளாகவும் சொல் அதனைப் பகுக்கும் கருவியாகவும் அமைகின்றன.

பபஞ்சசூதனி இயற்றப்படக் காரணமானவர், மயூரசுத்தப்பட்டினத்தில் புத்தகோசருடன் வாழ்ந்த புத்தமித்திரர் என்னும் தேரர் என அந்நூலின் இறுதிப்பகுதி கூறுகிறது. அப்பட்டினத்தை மயிலாப்பூராகக் கருதுவோர் உண்டு. அங்குத்தர நிகாய உரையின் இறுதிப்பகுதி காஞ்சிபுரத்தைக் குறிப்பிடுகிறது. எனவே இவ்வுரை மரபைத் தமிழகப் பௌத்த வரலாற்றோடு இணைத்து நோக்குதல் தகும்.

பர்மாவில் பெயரிட்டுக் குறித்தல்

மகாசி சாயாதோ (1904–1982) இப்பகுப்பை இல்லறத்தாரும் பயிலத்தக்க முறையாக்கினார். 1949 முதல் இரங்கூன் மையத்தில் அவர் கற்பித்த முறையில், அமர்ந்திருக்கையில் வயிற்றின் எழுச்சியும் தாழ்ச்சியும், நடக்கையில் அடியின் 'தூக்கல், செலுத்தல், வைத்தல்' என்பனவும் மனத்துள் பெயரிட்டுக் குறிக்கப்படுகின்றன. சொல் இங்குப் பகுத்தாராயும் கருவியன்று. கவனத்தை அசைவோடு பிணைக்கும் துணையாகும். பயிற்சி முதிருமிடத்து நிகழ்ச்சிகளின் விரைவால் பெயரிடல் இயலாமல் அறிதல் மட்டும் எஞ்சும் என்பதை அம்மரபும் ஏற்கிறது. 1950களில் இம்முறை தாய்லாந்திலும் பரவியது.

லுவாங்போ தியனின் விலகல்

லுவாங்போ தியன் (1911–1988) வடகிழக்குத் தாய்லாந்தின் லோய் மாகாணத்தில் பிறந்தவர். இளமையில் சிறிது காலம் துறவாடை அணிந்திருந்தார். பின்னர் மேகாங் ஆற்றில் படகில் சென்று வணிகம் செய்த இல்லறத்தார். 1957இல் அவர் நோங்காய் மாகாணத்து மடாலயம் ஒன்றில் அசைவுப் பயிற்சியை மேற்கொண்டார். அங்குக் கையை அசைக்கையிலும் நிறுத்துகையிலும் 'அசைகிறது, நிற்கிறது' என்னும் பொருளுடைய சொற்களை ஓதும் வழக்கம் இருந்தது. அவர் அசைவை ஏற்று, ஓதுதலை விட்டார். சில நாள்களிலேயே தெளிவு பெற்றதாக அவர் வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இல்லறத்தாராகவே கற்பித்த பின்னர், 1960இல் துறவு பூண்டார்.

அவர் வகுத்த முறையில் பயில்பவர் கண்களைத் திறந்தவாறு அமர்ந்து, தொடைகளின்மீது கவிழ்த்து வைத்த கைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, உயர்த்தி, வயிற்றுக்கும் மார்புக்கும் கொணர்ந்து, மீண்டும் தொடைக்கு இறக்குகிறார். பதினான்கு அசைவுகள் கொண்ட இச்சுற்றில் ஒவ்வொன்றின் முடிவிலும் சிறு நிறுத்தம் உண்டு. எண்ணுதலும் பெயரிடலும் இல்லை. எண்ணம் எழுந்தால் அதனை அடக்காது, கண்டவுடன் அசைவின் உணர்வுக்குத் திரும்ப வேண்டும். பூனைக்கு உணவூட்டி வளர்த்தால் அது தானே எலியைப் பிடிக்கும் என்ற உவமையால், விழிப்பு வலுப்பெற்றால் எண்ணம் தானே பிடிபடும் என அவர் விளக்கினார்.

பதினான்கு என்னும் எண் இம்முறையின் உயிர்நாடி அன்று. தியனின் மாணவர் லுவாங்போ காம்கியனின் வழிகாட்டலில் பயின்ற காம்போன் தோங்புன்னும், விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த உடற்கல்வி ஆசிரியர். படுத்தவாறே கையைப் புரட்டும் ஒற்றை அசைவைக் கொண்டு அவர் பயின்றார். இன்றியமையாதது அசைவின் வடிவமன்று, அது உணரப்படுதலே என்பதற்கு இதுவே சான்று.

தன்னுணர்வு என்னும் சொல்

தியன் கையாண்ட தாய்மொழித் தொடர் 'ரூ ஸுக் துவா'. 'ரூ ஸுக்' என்பது உணர்தல். 'துவா' என்பது உடலையும் தன்னையும் ஒருங்கே குறிக்கும் சொல். இதனைத் தன்னுணர்வு என்று மட்டும் பெயர்த்தால் உடல் மறைந்து, 'தான்' முன்னிற்கிறது. மெய்யுணர்வு என்று பெயர்த்தால் தமிழில் 'மெய்' என்பது உடலையும் உண்மையையும் குறிப்பதால் இரட்டைப் பொருள் ஓரளவு காக்கப்படும். எனினும் திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரத்தால் அச்சொல்லில் உண்மையறிதல் என்ற பொருளே வேரூன்றிவிட்டது. ஆகவே தன்னுணர்வு என்னும் சொல்லை வைத்துக்கொண்டு, 'நிகழும் உடலசைவை அது நிகழும்போதே இடையீடின்றி உணர்தல்' என வரையறுப்பது பொருத்தமாகும்.

முடிவுரை

புத்தகோசரிடம் சொல் அசைவைப் பகுத்தது, மகாசியிடம் அசைவைச் சுட்டியது, தியனிடம் விலகியது. முறைகள் வேறுபட்டாலும் நடப்பவனைத் தேடி நடையை மட்டும் காணும் நோக்கு மூன்றுக்கும் பொது. இவ்வகையில் அசைவுவழித் தியானம் வளர்க்கும் தன்னுணர்வு 'தான்' பற்றிய அறிவன்று. 'தான்' என்ற கற்பிதம் எழுமுன் உடலில் நிகழ்வதை அறியும் விழிப்பு. இவ்வேறுபாட்டைப் பேணாத மொழிபெயர்ப்புகளும் உளவியல் ஒப்பாய்வுகளும் தாம் ஆராயும் பயிற்சியின் மையத்தைத் தவறவிடும்.