மூசி ஆற்றங்கரையில் ஒரு புளியமரம்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நாம் அழைத்துக்கொண்டு போகும் பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலையில் கோல்கொண்டா, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சார்மினார், கடைசியில் லாட் பஜாரில் வளையல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருபது, முப்பது வருஷமாக இங்கேயே குடியிருக்கும் நம் குடும்பங்கள், பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூசி ஆற்றை ஒட்டியும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நாங்கள் பேரப்பிள்ளைகளோடு அப்படிப் போய்வந்தோம்.

முதலில் புரானாபூல். 1578-ல் கட்டிய பாலம். சார்மினாருக்கு 13 வருஷம் மூத்தது. அங்கிருந்து ஆற்றோடு கிழக்கே வந்தால் அப்சல்கஞ்ச், அதைத் தாண்டி மகாத்மா காந்தி பஸ் நிலையம். அதை நாம் இம்லிபன் என்றே சொல்கிறோம். இம்லி என்றால் புளி, பன் என்றால் வனம். ஊருக்குப் போக மூட்டை முடிச்சோடு அங்கே நின்ற நம்மவர்களில் எத்தனை பேர் அது புளியந்தோப்பு என்று யோசித்திருப்போம்?

அந்தப் பகுதியின் புளியமரங்களில் பெயர் பெற்ற ஒன்று உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில், ஆற்றங்கரைப் பக்கம் நிற்கிறது. நோயாளிகள் வந்துபோகும் இடம். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் கூட்டிப் போக வேண்டும். 1908 செப்டம்பர் 28 அன்று மூசியில் வெள்ளம் வந்தபோது, இந்த மரத்தில் ஏறி சுமார் 150 பேர் உயிர் பிழைத்தார்கள்.

"புளியமரத்துல பேய் இருக்கும்னு பாட்டி சொன்னாங்களே!" என்றாள் பேத்தி. நம் கிராமங்களில் ராத்திரி புளியமரத்தடியில் படுக்க விடமாட்டார்கள். இங்கே அதன் கிளைகளைப் பிடித்துக்கொண்டு உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள் ஜனங்கள்.

அந்த வெள்ளம் எப்படி வந்தது என்பதை நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலமும், 48 மணி நேரத்தில் 18.9 அங்குலமும் மழை பதிவாயிற்று. ஆனால் மழை மட்டும் காரணமில்லை. மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள் இருந்தன. நம் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளைப் போல, மேலே உள்ளது நிரம்பினால் உபரி நீர் கீழே உள்ள ஏரிக்குப் போகும். மேலே ஒரு கரை உடைந்தால், அந்த வேகம் தாங்காமல் அடுத்ததும் உடையும். இப்படி 221 ஏரிகள் உடைந்தன. மொத்தத் தண்ணீரும் ஊருக்குள் வந்தது. அப்சல் பாலமும் சாதர்காட் பாலமும் போயின. சுமார் 15,000 பேர் இறந்ததாகவும் 80,000 பேர் வீடிழந்ததாகவும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. உருதுக் கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி தன் தாய், மனைவி, மகள் மூவரையும் அன்று ஆற்றுக்குக் கொடுத்தார். அவர் மட்டும் தப்பினார்.

ஆறாவது நிஜாம் மகபூப் அலி கான் அரண்மனைக் கதவுகளைத் திறந்து அகதிகளுக்கு இடம் கொடுத்தார். மறுவருஷம், 1909-ல், எம். விஸ்வேஸ்வரய்யா வரவழைக்கப்பட்டார். ஊருக்கு மேலேயே தண்ணீரைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பது அவர் யோசனை. மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920-லும், ஈசி ஆற்றின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927-லும் கட்டி முடிந்தன.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். பசியோடு சரித்திரம் பேசினால் பிள்ளைகள் அடுத்த தடவை நம்மோடு வரமாட்டார்கள்! பழைய நகரத்தில் பிரியாணியோடு வரும் மிர்ச்சி கா சாலனைச் சும்மா ஊற்றிச் சாப்பிடாமல் கொஞ்சம் ருசித்துப் பாருங்கள். வேர்க்கடலை, எள், தேங்காய் அரைத்துவிட்டு, புளி கரைத்து ஊற்றியது. பகாரா பைங்கனும் அதே வகைதான். சின்னக் கத்தரிக்காயைப் பிளந்து எண்ணெயில் வதக்கி அந்த மசாலாவில் போடுகிறார்கள். என் மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது நம்ம எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புதாங்க, கடலை மட்டும் தூக்கல்" என்றாள். கட்டி தால் என்பது புளி விட்ட பருப்பு. புளியங்கொழுந்தையும் இங்கே விடுவதில்லை. தெலுங்கு வீடுகளில் அது பருப்போடு வேகும், முஸ்லிம் வீடுகளில் இறைச்சியோடு வேகும். ஹைதராபாத் சமையல் என்றால் பாரசீகம், மொகலாயம் என்றே எழுதுகிறார்கள். புளிப்பானையில் மட்டும் நம் தெற்கத்திக் கை தெரிகிறது.

சார்மினார் பக்கம் இரானி சாயா குடித்தோம். கூட வரும் உஸ்மானியா பிஸ்கட், உஸ்மானியா ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காகச் செய்யப்பட்டது என்று ஒரு கதை சொல்லுவார்கள். கதையோ நிஜமோ, காலையில் ஆஸ்பத்திரியைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது நன்றாகவே பிடித்தது.

சாயங்காலம் கண்டிப்பேட்டைக்குப் போனோம், அதாவது உஸ்மான் சாகர். கண்டிப்பேட்டைத் தண்ணீர் குடித்தவன் இந்த ஊரை விட்டுப் போகமாட்டான் என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள். நம் சங்கத்து உறுப்பினர் பட்டியலே அதற்குச் சாட்சி! கரையில் நின்றபடி பேரன் கேட்டான்: "தாத்தா, இந்தக் கதவைத் திறந்தா தண்ணி எங்க போகும்?"

"இம்லிபனுக்குத்தான்" என்றேன். 2025 செப்டம்பர் கடைசியில், பலத்த மழையில் இரண்டு ஏரிகளின் மதகுகளையும் திறந்தபோது, மூசி பெருகி ராத்திரியோடு ராத்திரியாக அந்த பஸ் நிலையத்துக்குள் புகுந்தது. பயணிகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள், பிறகுதான் பத்திரமாக வெளியே கொண்டுவரப்பட்டார்கள். ஊருக்குப் போகக் காத்திருந்த தமிழ்க் குடும்பங்களும் அன்று அங்கே இருந்திருக்கக்கூடும்.