பீரங்கி சூட்டிய மணிமுடி

சரித்திரத்திலே போரில் வென்று முடிசூடியோர் உண்டு. பரம்பரை உரிமையால் முடிசூடியோரும் உண்டு. பிறருடைய படைபலத்தால் அரசராகி, அப்படை தளர்ந்ததும் அழிந்தோரும் உண்டு. அத்தகைய ஒருவன் நம் மாத்தளைக்கு அண்மையிலுள்ள கண்டி மாநகரில் 1803ஆம் ஆண்டு அரசனாக்கப்பட்டான். அவன் பெயர் முத்துசாமி.

1739 முதல் கண்டிச் சிம்மாசனத்தில் வீற்றிருந்தோர் தென்னாட்டு நாயக்கர் குலத்தினர். 1798இல் இராஜாதிராஜசிங்கன் மகப்பேறின்றி மறைந்தான். முதல் அதிகாரம் பிலிமத்தலாவை, கண்ணுசாமி என்னும் இளைஞனை ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் என்ற நாமத்துடன் அரியணை ஏற்றினான். மறைந்த அரசனின் தேவிக்குச் சகோதரனான முத்துசாமியோ ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான்.

தேசாதிபதி நோர்த் கண்டியைத் தம் பிடிக்குள் கொணரக் காலம் பார்த்திருந்தார். பாக்கு வியாபாரிகளின் சரக்கைக் கண்டியார் பறித்தமை அவருக்குப் போர் தொடுக்க ஏதுவாயிற்று. மக்டவல் தலைமையில் ஒரு படை கொழும்பிலிருந்தும், பார்பட் தலைமையில் மற்றொன்று திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டன. மாத்தளையிலே ‘மக்டவல் கோட்டை’ என்ற காவலரணும் எழுந்தது.

பெப்ரவரியில் படைகள் கண்டியை அடைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அரசனும் குடிகளும் அகன்றுவிட்டனர். அரண்மனையில் தீ எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூனிய நகரிலேதான் மார்ச் 8ஆம் திகதி முத்துசாமிக்கு முடி சூட்டினார்கள். அதற்குக் கைம்மாறாக, ஏழு கோறளையையும், கொழும்பு–திருகோணமலைப் பாதைக்கு வேண்டிய நிலத்தையும் அவன் ஆங்கிலேயருக்குத் தாரைவார்க்க உடன்பட்டான்.

முடி இருந்தது, வணங்க மக்கள் இல்லை. காய்ச்சல் காவற்படையை வாட்டியது. ஆங்கிலேயரோ சில வாரங்களுக்குள்ளேயே, முத்துசாமியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டு ஆட்சியைப் பிலிமத்தலாவையிடம் ஒப்படைக்கப் பேரம் பேசினர். ஜூன் 24இல் கண்டிப் படை தாக்கவே, தளபதி டேவி சரணடைந்தார். திருகோணமலை நோக்கிச் சென்றோரை வட்டாப்புளுவையில் பெருக்கெடுத்த மகாவலி கங்கை தடுத்து நிறுத்தியது. அங்கே முத்துசாமியைக் கேட்டார்கள் கண்டியார். அவனுக்கு முடிசூட்டிய அதே கைகள் அவனைப் பகைவரிடம் ஒப்படைத்தன. முத்துசாமி கொல்லப்பட்டான், படையினர் பலரும் தப்பவில்லை.

முடிசூடிய நாளிலிருந்து கண்டி வீழ்ந்த நாள்வரை எண்ணினால் நூற்றெட்டே நாட்கள்!

முத்துசாமி அந்நியன் என்பதாலா கண்டி மக்கள் அவனைப் புறக்கணித்தார்கள்? அன்று. அவர்கள் ஏற்ற விக்கிரமராஜசிங்கனும் அதே குலத்தவன், அதே உறவினன். குலமும் மொழியும் இருவருக்கும் ஒன்றே. ஒருவனை நாட்டார் ஏற்றனர். மற்றவனைப் பீரங்கி ஏற்றியது. வேற்றுமை அவ்வளவே. அந்த விக்கிரமராஜசிங்கனும் பின்னர்த் தன் பிரதானிகளின் நம்பிக்கையை இழந்தபோது, 1815இல் கண்டி பெரும் போரின்றியே வீழ்ந்தது.

இக்கதை நம் நாட்டோடு முடிந்துவிடவில்லை. மத்திய ஆபிரிக்காவில் 1966இல் படைபலத்தால் ஆட்சியைப் பிடித்த பொக்காசா, 1976இல் குடியரசைப் பேரரசாக்கினான். நெப்போலியனைப் பின்பற்றி 1977 டிசம்பர் 4இல் ஆடம்பரமாக முடிசூடினான். அதற்குப் பிரான்சு துணைநின்றது. 1979இல் மாணவர் கொலையுண்ட செய்தி உலகை உலுக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில், அவன் லிபியா சென்றிருந்த வேளையில், பிரான்சின் படையே வந்து அவனை வீழ்த்தியது. முடிசூடி இரண்டாண்டும் நிறையவில்லை!

வாலிப அன்பர்களே! பதவி நாட்டிலும் உண்டு, ஊரிலும் உண்டு, நம் சங்கத்திலும் உண்டு. மேலிடத்தின் தயவால் வரும் பதவியை மேலிடமே பறித்துக்கொள்ளும். தன்னைச் சூழ்ந்தோரின் அன்பால் வருவதே நிலைக்கும். அதையும் நாள்தோறும் காத்தல் வேண்டும். பெரியோர் நமக்கு இதனைச் சொல்லாமற் சொல்லி வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். முத்துசாமியின் நூற்றெட்டு நாட்கள் புகட்டும் பாடமும் அதுவே.